நுரைகொல்லி மருமகள்

பெர்சி என்ன படித்தாள் என்று கேட்டால் நாசரேத்தில் பாதிப் பேர் "சோப்புப் படிப்பு" என்பார்கள். அவள் தகப்பனார் ஏசுவடியான் வாத்தியார் "சர்பேக்டன்ட் ஆராய்ச்சி" என்று திருத்தித் திருத்தி ஓய்ந்து, கடைசியில் தானும் சோப்பு என்றே சொல்ல ஆரம்பித்தார். உண்மையில் அவள் வேலை சோப்புக்கு நேர் எதிர். ஆலைகளின் கழிவுநீர்த் தொட்டிகளில் பொங்கும் நுரையை ஒரு சொட்டில் அமுக்குகிற திரவம் தயாரிப்பது. நுரையைக் கண்டாலே அவளுக்குக் கை பரபரக்கும்.

அப்படிப்பட்டவளைப் பெண் கேட்டு வந்தது யார்? தூத்துக்குடியில் மக்ரூன் போடுகிற வீடு! வெள்ளைக்கருவை அடித்து, நுரை எழும்பியபின் சீனியும் முந்திரிப்பொடியும் சேர்த்துச் சுடுகிற பண்டம். நுரை படுத்தால் பிழைப்பும் படுத்துவிடும். மாப்பிள்ளை பெவின் நல்ல பையன் என்பதால் பெர்சி நுரையை மன்னித்துச் சம்மதித்தாள்.

மாமியார் இன்பமணி ஆசை ஆசையாய் மருமகளிடம் வெள்ளைக்கருவை அடிக்கக் கொடுத்தார். எழும்பவில்லை. மறுநாளும் வெள்ளைக்கரு கஞ்சித்தண்ணியாகவே கிடந்தது. இன்பமணி திட்டவில்லை. அதுதான் பெர்சியைச் சுட்டது.

"சில பேருக்குக் கைராசி இருக்காது மக்கா. நீ போயி பெட்டி ஒட்டு."

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர் ராசியை இவ்வளவு நம்புவது போதகருக்குத் தெரியாது.

டாக்டர் பட்டம் வாங்கியவள் அட்டைப்பெட்டி ஒட்டினாள். வாழவந்த வீட்டில் தன் கை ஆகாத கை என்றால் யாருக்குத்தான் அழுகை வராது? அழுதுகொண்டே ஒட்டியதில் பெட்டிகளும் கோணலாயின.

கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் ஒருநாள் அவள் ஆய்வகம் போயிருந்தபோது, மாமியார் அடித்த நுரையும் படுத்துவிட்டது.

"ஏளா, காலைல நீ எட்டிப் பாத்துட்டுப் போனல்லா, அதான்" என்றார் இன்பமணி, அவள் திரும்பி வந்ததும்.

பார்வைக்கும் ராசியில்லையா! கோபம் வந்ததும் பெர்சிக்கு மூளை வேலை செய்தது.

"அத்தே, வெள்ளைக்கருவ எதுல பிடிச்சிய?"

"இன்னைக்கு உன் ஜக்குலதான். அளவுக்கோடெல்லாம் போட்டு அழகா இருக்குல்லா."

பெர்சி ஜக்கைத் தூக்கிப் பார்த்தாள். வந்த புதிதில் கெட்டிக்காரி என்று பேர் வாங்க, ஆய்வகத்தில் ஒதுக்கிப் போட்ட பிளாஸ்டிக் ஜக்கைக் கழுவிக் கொண்டுவந்தவள் அவள்தான். அவளும் அதில்தான் வெள்ளைக்கருவை அளந்தாள். முன்பு அதில் இருந்தது அவளுடைய நுரைகொல்லி. எவ்வளவு கழுவினாலும் அது பிளாஸ்டிக்கை விட்டுப் போகாது என்று கட்டுரையே எழுதியிருக்கிறாள். நல்லவேளை, எழும்பாத கருவெல்லாம் சாக்கடைக்குத்தான் போயிருந்தது.

ஜக்கைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடலாம். ஆனால் ராசியில்லாத கை என்ற பேர் நிலைத்துவிடும். சொன்னாலோ, ஆலை மருந்து இருந்த ஜக்கைச் சமையலறைக்குக் கொண்டுவந்த படித்த முட்டாள்.

பெர்சி எல்லாவற்றையும் சொன்னாள்.

இன்பமணி ஜக்கை மோந்து பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ராசியில்லன்னா கர்த்தர்தான் பாக்கணும். புத்தியில்லன்னா நான் பாத்துக்கிடுதேன். கையக் கழுவிட்டு வா மக்கா, புதுசா முட்டை ஒடைக்கேன்."