பாலிக் புலாவில் பெயர் இல்லாமல் தொங்கும் படம்

பாலிக் புலாவின் குட்டி அருங்காட்சியகங்களைப் பற்றி எழுதச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தீர்கள். போன சனிக்கிழமைதான் போனேன். பதினோரு வருஷமாகச் சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்த ஆள் நான். ஏன் என்பதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே பொய்யாகிவிடும்.

ஜார்ஜ்டவுன் வீட்டைக் காலிசெய்து பட்டர்வொர்த்துக்கு மாறும் சமயம், பழைய சாமான் சேகரிக்கும் ஒரு சீனர் வீட்டுக்கு வந்தார். பாலிக் புலாவில் இருக்கும் தன் குடும்ப வீட்டை அருங்காட்சியகம் ஆக்கப்போகிறாராம். அன்றைக்கென்று பார்த்து, என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். சீனர் எங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டி ஒரு படத்தில் நிறுத்தினார். தோளில் மூங்கில் தடியும் கக்கூஸ் வாளியுமாக இரண்டு பேர். யார் என்று மலாயில் கேட்டார். அதில் ஒருவர் என் அப்பா.

"யாரோ, தெரியல. வேணும்னா எடுத்துக்குங்க" என்றேன்.

தேநீர்த் தட்டோடு பின்னால் நின்ற அம்மாவுக்கும் அது கேட்டது. அதற்கப்புறம் மாதம் தவறாமல் கேட்பார்: "டேய், அந்தப் படத்த ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வரலாமாடா?" வெயில் என்பேன், டுரியான் சீசன் கூட்டம் என்பேன். போன வருஷம் அம்மா இறந்துவிட்டார்.

சரி, வழி. பட்டர்வொர்த்தில் காலை எட்டு மணிக்குத் தீவுக்குப் போகும் ஃபெர்ரி, ஆளுக்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்). இறங்கிய இடத்திலேயே 401 பஸ், நான்கு வெள்ளி. ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். கடைசியில் மலை வளைவுகள் உண்டு, வயிறு புரட்டுகிறவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள்.

முதலில் ஜாதிக்காய் பதப்படுத்தும் வீட்டுக்குப் போனேன். அனுமதி இலவசம், பழைய கருவிகளை ஓர் அறையில் வைத்திருக்கிறார்கள். இருபது நிமிஷம் போதும். நான் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து இரண்டு கிளாஸ் ஜாதிக்காய்த் தண்ணீர் குடித்தேன். பயம்தான், வேறென்ன.

அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்தால் அந்தச் சீனர் வீடு. பத்து மணி முதல் நான்கு வரை, செவ்வாய் விடுமுறை, டிக்கெட் ஐந்து வெள்ளி. பார்த்துக்கொள்பவர் மேகலா என்ற தமிழ்ப் பெண். மாடியில், ஜன்னல் ஓரமாக அப்பா. கீழே மூன்று மொழியில் அட்டை: "பெயர் தெரியாத இரு துப்புரவுத் தொழிலாளர்கள்."

"எல்லாரும் இந்தப் படத்துகிட்டதான் நிப்பாங்கண்ணே. பேரு கேப்பாங்க. தெரியாதுன்னு சொல்றப்ப எனக்கே ஒரு மாதிரியா இருக்கும் லா" என்றார் மேகலா.

"இடது பக்கம் இருக்கறது எங்கப்பா. சவரிமுத்து." சீ, அறுபத்திரண்டு வயசில்தான் இதைச் சொல்ல வாய் வந்தது.

மேகலா ஓடிப்போய் ஒரு ஃபாரம் எடுத்து வந்தார். பெயர், உறவு, எல்லாம் எழுதினேன்.

"பக்கத்துல நிக்கறவரு யாருண்ணே? அவரு பேரையும் போட்டுருவோம்."

அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஞாயிறு பூசை முடிந்ததும் வீட்டுக்கு வருவார். எனக்குக் கச்சான் கடலைப் பொட்டலம், அப்பாவோடு ஓயாத பேச்சு. அம்மாவுக்கு அவர் பெயர் தெரியும், ஊர் தெரியும். ஒரு தடவை கூட்டி வந்திருந்தால் இந்த இடத்தில் நின்று இரண்டு பெயரையும் சொல்லியிருப்பார். அதற்காகத்தான் கேட்டுக்கொண்டே இருந்தாரோ என்னவோ. பாவி, நான்தான் விடவில்லை.

புது அட்டை வைத்துவிட்டார்கள் என்று நேற்று மேகலா செய்தி அனுப்பினார்: "சவரிமுத்து, பெயர் தெரியாத நண்பருடன்."

போகிறவர்கள் தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள், மூன்று மணிக்குள் பஸ்ஸைப் பிடியுங்கள். போவதற்கு முன் வீட்டு ஆல்பத்தை இறக்கி, தெரிந்தவர்களைக் கேட்டு, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் பெயர் எழுதுங்கள். இன்றைக்கே எழுதுங்கள். மாடியில் அந்தப் படத்தின் முன் நிற்கும்போது, வலது பக்கம் இருப்பவரை யாருக்காவது அடையாளம் தெரிந்தால் எனக்கு ஒரு வரி போடுங்கள். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டேன்.