கூட வந்தவர் சொல்ல வேண்டிய வலி

காலை ஐந்தரை மணிக்குப் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறைகளை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்காருகிறேன். பாத்திரம் கழுவ இல்லை. மருத்துவமனையில் கொடுத்த காலுறை அவ்வளவு இறுக்கம். வெறுங்கையால் இழுத்தால் குதிகாலைத் தாண்டாது. ரப்பரின் பிடி இருந்தால்தான் முழங்கால் வரை ஏறும். அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்ததும் இங்கிலாந்து நர்ஸ்தான். ஊரில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

காலில் நரம்புச் சுருட்டல் எனக்கு ஊரில், காரமடையிலேயே தொடங்கிவிட்டது. பத்து வருடம் பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள் நான். கணவருக்குப் பின்னலாடை இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை கிடைத்து இங்கிலாந்து வந்தபோது, என் ஆசிரியர் பட்டம் இங்கே செல்லாது என்றார்கள். சாண்ட்விச் தொழிற்சாலையில் சேர்ந்தேன். குளிரூட்டிய கூடம், சிமென்ட் தரை, எட்டு மணி நேரம் நின்றபடி ரொட்டியின் மேல் வெள்ளரிக்காய் அடுக்க வேண்டும். நாடு மாறியும் நிற்பது மாறவில்லை. இடது கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்து அரிக்கத் தொடங்கியது. அது உடைந்து புண்ணானால் ஆறுவதற்கு மாதக்கணக்காகும் என்றார் குடும்ப மருத்துவர். புண்ணுக்குக் கட்டுப் போட்டவர்களை உணவு தயாரிக்கும் கூடத்துக்குள் விடமாட்டார்கள். இருக்கும் ஒரே வேலையும் போய்விடும் என்ற பயத்தோடு தினமும் அந்தத் தோலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய மருத்துவமனை டாக்டர் நல்ல மனிதர். ஒரு தாளில் காலை வரைந்து, இருக்கிற வழிகளையெல்லாம் பொறுமையாக விளக்கினார். ஊசியால் மருந்தைச் செலுத்திச் சுருண்ட நரம்பை உள்ளுக்குள்ளேயே ஒட்டவைக்கலாம். கத்தி வேண்டாம், உடனே நடக்கலாம், ஆனால் பெரிய நரம்பில் அது நிலைக்காது. கால் மரத்துப்போக மருந்து கொடுத்து, அரிசி நீளத்துக்குக் கீறி, சிறு கொக்கியால் நரம்பைத் துண்டு துண்டாக இழுத்தெடுக்கலாம். அன்றைக்கே வீடு திரும்பலாம். தொடையில் திறந்து முழு நரம்பையும் உருவுவது பழைய வழி. நரம்புக்குள் கம்பியை விட்டுச் சூட்டால் அடைக்கும் முறை இப்போதுதான் சில இடங்களில் தொடங்கியிருக்கிறதாம், இங்கே இன்னும் வரவில்லை. கடைசியாக, கால் உங்களை எவ்வளவு தொந்தரவு செய்கிறது என்று கேட்டார்.

"நாட் டூ பேட், டாக்டர்" என்றேன்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. என்னுடையது பெரும்பாலும் தோற்றம் பற்றிய குறையாம், அவசரமில்லையாம், வரிசையில் காத்திருக்க வேண்டுமாம். கடிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு, மறுபடி எடுத்து நீவி வைத்தேன்.

எனக்கு ஆங்கிலம் தெரியும். பிழை அதில் இல்லை. அண்ணன் டிராக்டரிலிருந்து விழுந்து கை ஒடிந்தபோது, மேட்டுப்பாளையம் டாக்டரிடம், "லேசா வலிக்குதுங்க" என்றுதான் சொன்னார். பக்கத்தில் நின்ற நங்கையா, அதாவது அண்ணன் மனைவி, "பொய்யிங்க டாக்டர். வர்ற வழியெல்லாம் பல்லக் கடிச்சுட்டு வந்தாருங்க" என்றார். எங்கள் பக்கம் இதுதான் நடைமுறை. நோயாளி மரியாதைக்கு ஒன்றுமில்லை என்பார், கூட வந்தவர் உள்ளதைச் சொல்வார், டாக்டரும் கூட வந்தவர் முகத்தைப் பார்த்துத்தான் எழுதுவார். இங்கே கூட வருபவரை வெளியே உட்காரச் சொல்கிறார்கள். என் பங்கை நான் ஒழுங்காகச் செய்தேன். மறு பங்கைச் செய்யத்தான் ஆள் இல்லை.

அந்த ஏப்ரலில் ஆறு வார விடுப்பில் ஊருக்குப் போனேன். நங்கையா என் கணுக்காலைப் பார்த்தார், மறுநாளே என்னை பஸ்ஸில் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனார். ஆர்.எஸ்.புரத்து டாக்டர் கேட்டதும் வழக்கம்போல, "பரவாயில்லைங்க" என்றேன்.

"பரவாயில்லையாமா?" நங்கையா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மாடிப்படி ஏற முடியறதில்லீங்க டாக்டர். ஊட்டுக்குள்ள வந்ததும் காலத் தூக்கி மேல போட்டாத்தானுங்க ஆகுது. தோலப் பாருங்க, கருகிப்போச்சு. இவுங்க சொல்லமாட்டாங்க, நாஞ் சொல்றேன்."

என் வலியை அவ்வளவு சரியாக நான்கூட எனக்குள் சொல்லிக்கொண்டதில்லை. அழுகை வந்துவிட்டது. ஆனால் நங்கையா அதோடு நிற்கவில்லை. ஊசி போட்டால் திரும்ப வரும், தொடை நரம்பில் வால்வு கெட்டிருக்கிறது, உருவி எடுப்பதுதான் நல்லது என்று டாக்டர் அவரிடம்தான் சொன்னார். "அப்படியே செஞ்சுபோடுங்க" என்றார் நங்கையா. இங்கிலாந்து டாக்டர் படம் வரைந்து கொடுத்த தாள் என் கைப்பையில் இருந்தது. அதன் பின்புறம் ஒன்பது கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். எழுந்திருக்கும்போது டாக்டர் என் பக்கம் திரும்பி, "சரிதானுங்களே?" என்றார். "சரிங்க" என்றேன். ஒன்பதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

டாக்டர் சொன்னது சரியான வைத்தியம்தான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அறுவை முடிந்ததும் இடது கால் தொடையிலிருந்து கணுக்கால் வரை நாவற்பழ நிறத்தில் கன்றிப்போய், விடுப்பின் பாதியை நங்கையா வீட்டில் படுத்தே கழித்தேன். திராட்சையோடு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் என் காலைப் பற்றி நங்கையாவிடமே விசாரித்தார்கள். நான் அங்கேயேதான் படுத்திருந்தேன். இங்கிலாந்தில் என்றால் நான் வாய் திறந்து சொல்லவில்லை, என் தப்பு. ஊரில் சொல்வதற்கு இடமே விடவில்லையே என்று சுவரைப் பார்த்துக் கோபப்பட்டேன்.

திரும்பி வந்த சில மாதத்தில் வலது கணுக்காலும் கறுத்தது. மறுபடி அதே மருத்துவமனை. இம்முறை ஒரு நர்ஸ், வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டார். கணவர் வேலைக்குப் போயிருந்தார், பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. இரண்டு என்று சொல்ல நாக்கு தயாராகிவிட்டது. நங்கையா உட்கார்ந்திருந்தால் என்ன சொல்வார் என்று யோசித்தேன். "எட்டு" என்றேன். மாடிப்படியைச் சொன்னேன், தோலைச் சொன்னேன், வேலையைச் சொன்னேன். யாரையோ வைதுவிட்டதுபோல வெட்கமாக இருந்தது. பிறகு டாக்டரிடம் ஒன்பது கேள்விகளையும் கேட்டேன். இந்தக் காலில் பெரிய நரம்பு நன்றாக இருப்பதால் கொக்கி முறையே போதும் என்றார். அடுத்த மாதமே செய்தார்கள். அன்று மாலையே வீட்டுக்கு வந்து நானே ரசம் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நங்கையா தொலைபேசியில் வந்தார்.

"கால் எப்படி இருக்குது அம்மணி?"

"ஒண்ணுமில்லீங்க, நல்லா இருக்குது."

"ஆஸ்பத்திரிக்குக் கூட ஆரு வந்தாங்க?"

"ஆரும் வரலீங்க. இங்க அப்படித்தானுங்க."

"அப்பறம் வலியை ஆரு சொன்னது?"

"நானேதானுங்க சொன்னேன்."

பெருமையாகத்தான் சொன்னேன். பாராட்டுவார் என்று காத்திருந்தேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நீங்களே சொல்லிக்கற மாதிரி ஆயிப்போச்சுங்களா அம்மணி" என்றார்.

அண்ணனை விசாரித்துவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.

பத்து நாள் கழித்து வேலைக்குக் கிளம்பினேன். இன்னும் சில வாரங்களுக்கு வலது காலுக்கு மட்டும் உறை போதும். ரப்பர் கையுறையை மாட்டி இழுத்து முடித்துக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். உறை போட்ட கால் நான் சொல்லிக் குணமானது, வெறுங்கால் நங்கையா சொல்லிக் குணமானது. இரண்டையும் தொழிற்சாலை ரப்பர் பூட்ஸுக்குள் நுழைத்துக்கொண்டு, மறுபடி எட்டு மணி நேரம் நிற்கப் போனேன்.