மாணவர் பேரவையின் மூன்றாவது கட்டிடம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர் பேரவைக்கு முதலில் கிடைத்தது ஒரு பழைய சைக்கிள் கொட்டகை. பிறகு ஓடு வேய்ந்த இரண்டு அறைகள் கட்டினார்கள். மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த குண்டூர் நாட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி வந்து நான் படித்த காலத்தில் அந்த இரண்டு அறைகள்தான் பேரவை. உள்ளே கேரம் போர்டு, கிழிந்த கொடிகள், பையன்களின் ஓயாத சத்தம். பெண்கள் வரக் கூடாதென்று யாரும் சொன்னதில்லை. நாங்களாகவே போனதில்லை.

ஓர் ஐப்பசி மாலை, மலைப்பாதையில் பாறை சரிந்து பஸ் நின்றுபோனது. நானும் அதே மலையின் பைல் நாட்டுத் தோழியும் நனைந்தபடி பேரவை வாசலில் ஒதுங்கினோம். பேரவைத் தலைவர் எங்களைவிட ஒரு வருடம் மூத்தவர். பக்கத்து ஊரான காளப்பநாயக்கன்பட்டியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம்.

"உள்ள வந்து உக்காருங்க. பாறைய எடுத்தாத்தான் பஸ் உடுவாங்களாம்" என்றார்.

நாங்கள் அசையவில்லை. அவர் வற்புறுத்தாமல் தள்ளிப் போய்ப் போன் செய்தார். சற்று நேரத்தில் ஆட்டோவில் அவருடைய அம்மா வந்து இறங்கினார், கையில் தூக்குப்போசியில் சூடான காபியோடு.

"ஏன் கண்ணு இப்படி நனையறீங்க? பஸ் கெளம்பற வரைக்கும் நானும் ஒங்களோடயே இருக்கறேன், வாங்க."

மகனையும் மற்றப் பையன்களையும் வெளியே அனுப்பியதும், தன் முக்காட்டை அவிழ்த்து அதாலேயே எங்கள் தலையைத் துவட்டினார். என் அப்பாவுக்குப் போன் போட்டு, "புள்ளைங்க எங்கிட்ட இருக்குதுங்க, பயப்படாதீங்க" என்றார். தோழி அப்போதுதான் அழுதாள். சொன்னபடியே எங்களை பஸ் ஏற்றிவிட்டுத்தான் அவர் போனார்.

அடுத்த வருடம் பேரவைக்குப் புதுக் கட்டிடம் என்றார்கள். நான் செயலாளர் பதவிக்கு நின்று ஜெயித்தேன். பெண்களுக்குக் கழிப்பறையோடு ஓர் அறை வேண்டுமென்று கேட்டேன்.

"பேரவைல ஒங்களுக்குத் தனி ரூம் எதுக்கும்மா?" என்றார் பொறுப்பிலிருந்த பேராசிரியர்.

"மலையில மழ புடிச்சு பஸ் நின்னா நாங்க எங்கீங்க சார் போறது?"

அவர் வரைபடத்தை மேசைமேல் விரித்தார். பிறகு பென்சிலை எடுத்து மாடியில் ஒரு கட்டம் போட்டார்.

திறப்பு விழாவன்று பெரிய மனிதர்கள் கீழே ரிப்பன் வெட்டினார்கள். மாடி அறையைத் திறக்க நாங்கள் அந்த அம்மாவை அழைத்திருந்தோம்.

"நானெல்லாம் எதுக்கு சாமி?" என்று கூசிக்கொண்டே உள்ளே போனவர், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தார். பிறகு திறந்து தலையை நீட்டினார்.

"தாப்பா நல்லா இறுக்கமா உழுகுது கண்ணு."

எல்லோரும் சிரித்துவிட்டோம், அவரும்தான். கீழே விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கும் வரை எங்கள் நடுவிலேயே உட்கார்ந்திருந்தார்.