பனி நாட்டில் ஒரு மல்லாட்டைக் கொல்லை

இளவரசியைக் கொன்றது நான்தான். அதுவும் காலை பாசஞ்சர் ரயிலில், பெட்டியில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி.

கல்லூரி முதலாண்டில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குத் தினமும் ரயிலில் போய் வந்தேன். மயிலத்தில் என் தோழி ஏறுவாள். அப்போது நான் ஏழு பாகம் கொண்ட ஓர் ஆங்கில மாயக் கதையில் தலைகுப்புற விழுந்து கிடந்தேன். டிராகன் மேல் பறக்கும் பதினாறு வயதுப் பையன், அவனோடு மந்திரம் படிக்கும் வாயாடிப் பெண், பனி நாட்டிலிருந்து வந்து சேரும் இளவரசி. தோழிக்கு ஆங்கிலப் புத்தகம் ஓடாது. முதல் நாள் படித்ததை மறுநாள் ரயிலில் நான் அவளுக்குச் சொல்ல வேண்டும், அதுதான் ஏற்பாடு. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டையோடு எதிர் சீட்டில் வரும் ஓர் அக்காவும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்.

அந்தப் பையனை நான் காதலித்தேன். சிரிக்காதீர்கள். வாயாடிப் பெண் நான்தான் என்று வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் பாகத்தில் அந்தப் படுபாவி இளவரசியின் கையைப் பிடித்துவிட்டான். எனக்கு வயிறு எரிந்தது. படித்ததை அப்படியே சொல்ல நாக்கு எழவில்லை. முதலில் இளவரசிக்குக் காய்ச்சல் வரவைத்தேன். அப்புறம் அம்மா வீட்டுக்கு அனுப்பினேன். புத்தகத்திலோ அவள் பக்கத்துக்குப் பக்கம் வந்து நின்றாள். பொறுக்க முடியாமல் ஒரு நாள் முடித்துக்கட்டிவிட்டேன்.

"மல்லாட்டைக் கொல்லையில நடந்துக்கினு இருந்தா. நல்ல பாம்பு கடிச்சிடுச்சி. அவ்ளோதான்."

எங்கள் பக்கத்தில் ஒருத்தியை அவசரமாகச் சாகடிக்க வேண்டுமென்றால் வாயில் வருவது அதுதான். அக்கா விடவில்லை.

"பனி கொட்ற ஊர்ல மல்லாட்டை எப்படிம்மா வெளையும்? அந்தக் குளிர்ல பாம்பு எங்கேர்ந்து வந்துச்சி?"

தோழி ஒன்றும் கேட்கவில்லை. அவள் எப்போதுமே அதிகம் பேசுகிறவள் இல்லை. மறுநாள் மயிலத்தில் அவள் வேறு பெட்டியில் ஏறினாள். அதற்கு மறுநாளும் அப்படியே.

அந்த நாட்களில் மீதிப் பாகங்களை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். என் மனசில் டிராகன் பையன் முழுக்க முழுக்க எனக்கே எனக்காக இருந்தான், ஆனால் அவனைப் பற்றிச் சொல்ல ஆளில்லை. ரயில் பயணம் சகிக்கவில்லை.

"கதைக்காகவா சண்டை போட்டுக்கினு இருக்கீங்க? போய்க் கூப்புடும்மா" என்றார் அக்கா.

நான்காம் நாள் மயிலத்தில் இறங்கி ஓடி, அவள் ஏறிய பெட்டியில் நானும் ஏறினேன்.

"அவ சாவலடி. நான்தான் பொய் சொன்னேன். பொறாமை."

"தெரியும். பாம்புன்னு சொன்னப்பவே தெரியும்."

"அப்புறம் எதுக்குக் கோவம்?"

அவள் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள். "அந்தக் கதையிலயே என்னை மாதிரி வாயில்லாத பொண்ணு அவ ஒருத்திதான். அவளையும் நீ விட்டு வைக்கல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் கதை சொன்னேனே, உனக்கு யாரைப் பிடிக்கும் என்று ஒரு தடவை கூட அவளிடம் கேட்டதில்லை.

"சரி, நெசமா இன்னா ஆச்சி?" என்றாள்.

நிஜம்தான் எனக்கு ஆகாததாயிற்றே. "கடைசியில அவளத்தான் கட்டிக்கினான்" என்றேன்.

"எப்படிக் கேட்டான்? ஒண்ணு விடாம சொல்லு. ஜல்தி, விழுப்புரம் வந்துடும்."

ஒன்று விடாமல் சொன்னேன். அவன் பனியில் மண்டியிட்டது, அவள் பதில் பேசாமல் தலையை மட்டும் ஆட்டியது, எனக்கென்று ஒளித்து வைத்திருந்த வரிகள் உட்பட எல்லாவற்றையும். விழுப்புரம் வருவதற்குள் என் காதலனை என் வாயாலேயே இளவரசிக்குக் கட்டிவைத்து முடித்தேன். தோழி காது வரை சிவந்துபோய்ச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், அவன் போனால் போகட்டும் என்று இருந்தது.