சங்குப் படக்காரரோடு போட்ட சண்டை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மழைக்காலத்தில் நடந்தது இது. போர்ட் பிளேரில் ஹேடோ குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். நான் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மொபைலில் தொடர்கதை படிப்பேன். அப்போது ஒரு கதை என்னை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. மனைவியையும் குழந்தையையும் விட்டு ஓடிப்போனவன் ஒன்பது வருடம் கழித்துத் திரும்பி வருகிறான். அவள் அவனைச் சேர்த்துக்கொள்வாளா, மாட்டாளா என்பதுதான் கதை.

அந்தக் கதைக்கு ஒரு வாசகர் குழு உண்டு. கதை பாதியைத் தாண்டும்போதே குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. சேர்க்கக் கூடாது என்ற கட்சியில் நான் முன்னால் நின்றேன். எதிர்க்கட்சியில் ஒருவர், பெயர் போடாமல் சங்குப் படம் மட்டும் வைத்திருந்தவர், என் ஒவ்வொரு வரிக்கும் பதில் போடுவார். ஒரே பிழைமயம். 'மன்னிப்பு' என்று எழுதவே வராது, எப்போதும் 'மண்ணிப்பு'தான்.

ஒருநாள் எரிச்சலில், "மன்னிப்பு என்று எழுதவே தெரியாத தற்குறி நமக்கு மன்னிப்பைப் பற்றிப் பாடம் எடுக்கிறது" என்று போட்டேன். என் கட்சிக்காரர்கள் சிரிப்புப் பொம்மைகளாகக் குவித்தார்கள். சங்கிடமிருந்து பதில் இல்லை. வாயை அடைத்துவிட்டேன் என்று அன்று முழுக்க உற்சாகமாக இருந்தேன்.

மறுநாள் தீவு முழுக்க நெட் போய்விட்டது. எங்களுக்கு அது புதிதில்லை. இரண்டு நாள் கழித்து வந்ததும், குவிந்து கிடந்த செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். மதுரைக்காரர், கோவைக்காரர், சிங்கப்பூர்க்காரர் எல்லோரும் பேசியிருந்தார்கள். சங்கு மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை. எங்களுக்கு நெட் வந்த பத்தாவது நிமிடம் அவரும் வந்திருந்தார்.

எனக்கு என்னவோ போல் இருந்தது. பழைய செய்திகளைத் தேடிப் போனேன். முந்தைய மாதம் நெட் போனபோதும் அப்படித்தான். இன்னும் கொஞ்சம் மேலே போனால், "மெயின்லேண்டுல இருக்கவங்களுக்கு இது புரியாது" என்று ஒரு வரி. சென்னையில் இருப்பவர் எவராவது மெயின்லேண்ட் என்பாரா? ஆள் நம் தீவுதான்.

அதன்பிறகு கதையைவிட இதுதான் மண்டையைக் குடைந்தது. பக்கத்து மேஜைப் பெண் மொபைலைப் பார்த்துச் சிரித்தால்கூடச் சந்தேகம் வரும். ஒரு வாரம் தாங்கவில்லை. "நீங்கள் அந்தமானா?" என்று தனியாகக் கேட்டுவிட்டேன். பதில் குரல்பதிவாக வந்தது. பெண்குரல்.

"ஆமா அக்கா, மாயாபந்தர். தையல் கடை வச்சிருக்கேன். நீங்க அந்தச் சண்டைக்கார அக்காதானே?"

அடுத்த மாதம் அலுவலக வேலையாக மாயாபந்தர் போகவேண்டியிருந்தது. வேலை முடிந்ததும் அவர் சொன்ன அடையாளத்தை வைத்து படகு ஜெட்டிக்குப் போகும் சாலையில் அந்தக் கடையைக் கண்டுபிடித்தேன். அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மெஷினை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அச்சா, நேர்லயே வந்துட்டீங்களா? உக்காருங்க."

டீ வரவழைத்தார். தையல் மேஜையைப் பார்த்தேன். அங்கே ஒரு நோட்டு விரித்துக் கிடந்தது. பக்கம் முழுக்கத் தமிழ் வார்த்தைகள், ஒவ்வொன்றின் கீழேயும் ஹிந்தி எழுத்து.

"நான் படிச்சது ஹிந்தி மீடியம் அக்கா. வீட்ல தமிழ் பேசுவோம், எழுத்து தெரியாது. பக்கத்துக் கடைல ஒரு அம்மா இந்தக் கதைய வாசிச்சுச் சொல்லுவாங்க. அவங்க ஊருக்குப் போயிட்டாங்க. பாதிக் கதைல விட முடியுமா? நானே எழுத்துக் கத்துக்கிட்டேன்."

நோட்டைப் புரட்டினேன். ஆறாவது பக்கத்தில் 'தற்குறி' என்று இருந்தது.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அது உங்க வார்த்தை. அர்த்தம் புரியல. எதிர்க்கடை பாய்கிட்ட கேட்டேன். அவரு சொல்லவே யோசிச்சாரு. மத்லப், அதாவது எழுதப் படிக்கத் தெரியாத ஆளாம். சரியாத்தானே சொல்லியிருக்காங்கன்னு எழுதி வச்சேன்."

டீயைக் கீழே வைத்தேன். "கோபம் வரலையா?" என்று கேட்டேன்.

"வராம? அழுதேன். குழுவ விட்டுப் போயிடலாம்னு பாத்தேன். ஆனா கதைல அவ என்ன முடிவெடுக்கிறான்னு தெரியணுமே."

மன்னித்துவிடுங்கள் என்றேன். தலையை ஆட்டினார். ஆனால் விடவில்லை. "அவன சேத்துக்கணும்னு நான் சொன்னது அவனுக்காக இல்ல அக்கா. அந்தப் பிள்ளை தினம் வாசலப் பாக்குதே, அதுக்காக" என்று ஆரம்பித்தார். அந்தப் பிள்ளை வாசலைப் பார்ப்பதை நானும் படித்திருந்தேன். ஆனால் நிற்காமல் தாண்டிப் போயிருந்தேன். ஆனாலும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. கடை அடைக்கும் நேரம் வரை வாதாடினோம்.

அன்றே குழுவில் என் வார்த்தைக்கு எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். கட்சி மாறிவிட்டேன் என்று என் பக்கத்து ஆட்களே என்னைத் திட்டினார்கள். இரண்டு பேர் இன்றுவரை பேசுவதில்லை. கதையின் முடிவு எங்கள் இருவருக்குமே பிடிக்கவில்லை, ஆளுக்கொரு காரணத்துக்காக. அதைப் பற்றியும் போனில் ஒரு மணி நேரம் சண்டை போட்டோம்.

எனக்குப் பிடிக்காத ஒன்றை யாராவது உயிராகப் பிடித்துக்கொண்டிருந்தால், இப்போதெல்லாம் கேலி செய்வதற்கு முன்பு அவர் அதில் எதைப் பார்க்கிறார் என்று கேட்கத் தோன்றுகிறது; கேட்கும்போதெல்லாம், நான் படிக்காமல் தாண்டிப்போன ஒரு பக்கத்தை யாரோ எடுத்துக் காட்டுவதுபோல் இருக்கிறது.