பழைய பெயரில் ஒரு புதிய கோப்பு

“அவளுக்கு மட்டும் எல்லாம் ஈஸியா வந்துடுதும்மா.” கூட வேலை செய்யும் பெண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டு மகள் லேப்டாப்பை முறைத்தாள். திரையில், புரோகிராம்கள் கடன் வாங்கும் இரண்டு லைப்ரரிக் கோப்புகள் ஒத்துப்போகவில்லை என்று சிவப்பெழுத்து. என்னை உறுத்தியது சிவப்பெழுத்தைவிட அவள் முகம்தான். அந்த வயதில் அது என் முகம்.

கள்ளக்குறிச்சியில் ஒரு விதைக்கடை மாடியில் இருந்த சின்ன கம்பெனியில், ஷாஹிதாவும் நானும் லினக்ஸில் புரோகிராம் எழுதினோம். மருந்து பூசிய விதை வாசனை கீழேயிருந்து ஏறி வரும். இன்றும் அது எங்காவது அடித்தால் எனக்கு முதலில் வருவது பொறாமைதான். நான் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொள்வதை அவள் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவாள். போதாததற்கு நல்லவள் வேறு. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வெள்ளிமலையில் ஒரு பள்ளி விடுதி. அரிசி பருப்பு இருப்புக்கு அவள் எழுதியது அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. மதிப்பெண்ணுக்கு நான் எழுதியதையும் சேர்த்து ஒரே பொதியாகக் கட்டுவது என் வேலை. இரண்டுக்கும் ஒரே லைப்ரரி, இரண்டு குடித்தனத்துக்கு ஒரு தண்ணீர்க்குழாய் மாதிரி. என்னுடையதற்குப் புதிய பதிப்பு வேண்டும். அவளுடையதற்குப் பழையதுதான் ஒத்துவரும். தனித்தனியாக வைத்திருக்கலாம். நான் பழையதை அழித்தேன். புதியதற்குப் பழையதன் பெயரை வைத்தேன். அவளுடையது விழுந்துவிடும் என்று தெரியும். தெரியாது என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இருவரும் வெள்ளிமலை போய் அதை ஏற்றிய அன்றே, நினைத்தபடியே விழுந்தது.

“இம்மாம் நாளு ஓடிக்கினு இருந்துச்சே, இன்னாங்க ஆச்சு? மதியத்துக்கு எவ்ளோ அரிசி எடுக்கறது?” வார்டன் ஷாஹிதாவைப் பார்த்துக் கத்தினார். “உங்க ஓனராண்ட சொல்றேன், வேற ஆள வெச்சிக்கச் சொல்லி.”

அவள் ஒரு கட்டளையை அடித்தாள். தன் புரோகிராம் தேடும் கோப்பின் பெயர் பழையது, உள்ளே சரக்கு புதியது. புரிந்துவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

“எங்க ரெண்டு பேரு தப்புங்க சார். அரை மணி நேரம் குடுங்க.”

இருபது நிமிடம்கூட ஆகவில்லை. தான் கொண்டுவந்திருந்த சிடியிலிருந்து பழையதை எடுத்துத் தனி இடத்தில் வைத்து, அங்கே போய்த் தேடு என்று தன் புரோகிராமுக்குச் சொல்லிவிட்டாள்.

பஸ் மலை இறங்கும்போதுதான் என்னிடம் கேட்டாள். “எம்மேல கோவம்னா என்னத் திட்டுடி. அந்தப் பசங்க சோத்துல ஏன் கை வெக்கிற?” நான் அழுதேன். வளைவுகளில் எனக்குக் குமட்டும் என்று அவளுக்குத் தெரியும். பையிலிருந்து ஓர் எலுமிச்சையை எடுத்து என் கையில் வைத்தாள். வெட்கக்கேடு, அந்த எலுமிச்சைக்கும் பொறாமைப்பட்டேன். எனக்கு ஏன் இதெல்லாம் தோன்றுவதில்லை?

மகளிடம் இதைச் சொல்லி, “நீ அப்படி எதுவும் செஞ்சிடாதடி” என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

“இது என்னோடதுக்குள்ளயே நடக்கற சண்டைம்மா. இப்ப யாரு லைப்ரரிய பொதுவுல வெக்கிறாங்க? ஒவ்வொரு புரோகிராமும் தனக்கு வேண்டியத தானே டப்பாவுல கட்டி எடுத்துக்கினு போயிடும். நான் இன்னா பண்ணாலும் அவளோடது உடையாது.”

நிம்மதிதான். அந்தப் பெண்ணும் இவளும் அவரவர் வீட்டிலிருந்தே வேலை செய்வதால் இதுவரை நேரில் பார்த்துக்கொண்டதே இல்லையாம். அவளுடைய புரோகிராமுக்கு என்ன வேண்டும் என்று இவளுக்குத் தெரிய வேண்டியதில்லை. கெடுக்கவும் வழியில்லை. கெடுத்துவிட்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து மலை இறங்க வேண்டியதும் இல்லை. கையில் எலுமிச்சை வைக்கவும் ஆளில்லை.