எட்டு கஜக் கொசுவம்

எலிசா சித்திக்குப் பொறாமை வரும் என்று சொன்னால் அமெரிக்காவில் அவள் குடியேறிய பிளெய்ன்ஸ்பரோவில் ஒருவரும் நம்பமாட்டார்கள். பிரெஸ்பிடீரியன் சர்ச்சில் கடைசி வரிசையில் உட்காருவாள். ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் பாட்லக் விருந்துக்கு எலுமிச்சைச் சாதம் கொண்டுபோவாள், நன்றாயிருக்கிறது என்று யாராவது சொன்னால் தலையைக் குனிந்துகொள்வாள். ஆனால் 1986-ஆம் வருடத்தில் பாதியை அவள் பர்வதத்தின்மேல் பொறாமைப்பட்டே கழித்தாள். இதை அவளே என்னிடம் சொன்னாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

அந்தச் சர்ச் ஹாலில் வியாழக்கிழமை மாலைகளில் பேக்பைப் என்ற துருத்திக்குழல் வாசிக்கும் ஒரு பேண்ட் பயிற்சி செய்யும். பிளம்பர், தபால்காரர், பள்ளி ஆசிரியர் என்று இருபது ஆண்கள். எல்லாரும் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்களின் பேரன்மார். அன்றைக்கு மட்டும் கால்சட்டையைக் கழற்றிவிட்டு கில்ட் கட்டிக்கொள்வார்கள். கட்டம்போட்ட கம்பளித் துணி, முன்னால் தட்டையாக விழும், பின்னால் முழுக்கக் கொசுவம். ஒருமுறை ஒருவருக்குக் கொசுவம் கிழிந்துபோக, பாளையங்கோட்டை கான்வென்ட்டில் தையல் படித்த சித்தி அதைத் தடம் தெரியாமல் தைத்துக் கொடுத்தாள். அதிலிருந்து ஆறு வருடமாகக் கிழிசல் எல்லாம் அவளிடம்தான் வரும்.

அவர்களுக்குள் ஒரு தனி பாஷை இருந்தது. எட்டு கஜக் கனத்த கம்பளியில் தைத்த கில்ட் என்றால் அது 'டேங்க்'. 'ஸ்கர்ட்' என்று மட்டும் சொல்லவே கூடாது. 'எஸ் வேர்டு' என்பார்கள். வாய் தவறிச் சொன்னவர் அன்றைய காபிக் கோப்பைகளைக் கழுவ வேண்டும். சித்தி முதல் நாளே கழுவினாள். 'ரெஜிமென்டல்' என்றால் என்னவென்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து ஜீவரத்தினம் சித்தப்பாதான் ஆபீஸில் யாரிடமோ கேட்டுவந்து சொன்னார்.

"உள்ள ஒண்ணும் போடாம கட்டுறதாம்."

"சீ" என்றாள் சித்தி. ஆனாலும் ஒரு சொல் கிடைத்தது என்று சந்தோஷம்தான்.

பர்வதத்தை அங்கே கூட்டிக்கொண்டு போனதும் சித்திதான். பர்வதம் கல்யாணமாகி வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. கணவன் சந்தானம் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அவளுக்கோ வேலை பார்க்க விசா இல்லை. அப்பார்ட்மென்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தையலும் தெரியும் என்றாள். பாவமே என்று சித்தி அழைத்தாள்.

மூன்றாவது வாரமே பர்வதம் பேண்ட் தலைவர் கார்டனிடம் நேராகப் போய், "வாட் இஸ் ரெஜிமென்டல்?" என்று கேட்டுவிட்டாள். ஹால் சிரிப்பில் அதிர்ந்தது. கார்டனின் மனைவி காதோடு சொன்னாள். பர்வதம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ ஆன்டி, எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா என்னை அடுத்த ஃப்ளைட்ல திருப்பி வரச்சொல்லிடுவாங்க!"

அன்றிலிருந்து அவர்கள் எந்தப் புதுச் சொல்லையும் முதலில் பர்வதத்திடம்தான் சொன்னார்கள். பெயரையும் 'பார்வி' என்று சுருக்கிக்கொண்டார்கள். சித்தி ஆறு வருடமாக 'மிஸஸ் ஜீவா'தான்.

ஜூலையில் பேண்டுகளுக்கெல்லாம் ஒரு பெரிய போட்டி. அதற்கு இரண்டு புது டேங்க் வேண்டும்: ஒன்று டிரம் அடிக்கும் ஒருவருக்கு, மற்றது டிரம் மேஜருக்கு. டிரம் மேஜர் என்பவர் கோலைச் சுழற்றிக்கொண்டு தனியாக முன்னால் நடப்பவர். அந்தக் கில்ட்டைத்தான் ஊரே பார்க்கும். அது தனக்கு வரும் என்று சித்தி ஊசிகூடத் தேர்ந்து வைத்திருந்தாள். கார்டன் டிரம் மேஜரின் துணியைப் பர்வதத்திடம் கொடுத்தார், டிரம் அடிப்பவருடையதைச் சித்தியிடம்.

மே மாதம் ஒரு மத்தியானம் பர்வதம் கூப்பிட்டனுப்பினாள். கார்ப்பெட்டில் கில்ட்டை விரித்துப் போட்டிருந்தாள்.

"பாருங்க ஆன்டி, மடிச்சதே தெரியல. துணில இருக்கிற கட்டம் அப்படியே கண்டின்யூ ஆகுது. அழகா இருக்குல்ல?"

அழகாகத்தான் இருந்தது. ஆனால் தப்பு. கடைகளில் விற்கும் கில்ட்டில்தான் கொசுவத்தின்மேல் கட்டம் முழுசாகத் தெரியும். அந்தப் பேண்டின் வழக்கம் வேறு: ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் அதே பச்சைக் கோடு வர வேண்டும். கிழிசல் தைத்துத் தைத்து சித்திக்கு அது விரல் நுனியில் இருந்தது. பர்வதம் இன்னும் மடிப்புகளை லேசாக நூலோட்டித்தான் வைத்திருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் ஒரு மணி நேரத்தில் பிரித்துவிடலாம்.

"நல்லா இருக்கு" என்றாள் சித்தி. "தையலை மட்டும் பொடியாப் போடு."

வீட்டுக்கு நடந்து வரும்போது கன்னம் சுட்டது என்றாள். திரும்பிப் போகவில்லை.

ஜூன் மாதப் பயிற்சியில் கார்டன் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துத் திரும்பச் சொன்னார். பத்தொன்பது முதுகுக்குக் கீழே ஒரே பச்சைக் கோடு. முன்னால் நின்ற டிரம் மேஜரின் பின்புறம் மட்டும் மேஜைவிரிப்புமாதிரி கட்டம் கட்டமாக இருந்தது. இப்போது பர்வதத்தை அனுப்பிவிடுவார்கள் என்று சித்தி காத்திருந்தாள்.

யாரோ "பார்வி!" என்று கத்தினார்கள். ஹால் முழுக்கச் சிரிப்பு. பர்வதம்தான் அதிகமாகச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் தைத்தது தன் தப்பு என்றாள். கார்டன் அவள் முதுகில் தட்டிக் கொடுத்தார். பிரித்துத் தைக்க இரண்டு சனிக்கிழமை ஆனது. சித்தியும் கூட உட்கார்ந்து பிரித்தாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் ஒருவர் சுரம் தப்பி வாசித்தார். "பார்வி பண்ணிட்டான்" என்றார்கள். கால் மாற்றிப் போட்டால் பார்வி. காபியில் உப்பு விழுந்தால் பார்வி. போட்டி நடந்த மைதானத்தில், பென்சில்வேனியாவிலிருந்து வந்த வேறு பேண்டின் ஆள் ஒருவர், முன்பின் தெரியாதவர், சாக்ஸை மாற்றிப் போட்டுக்கொண்டு "ஐ டிட் எ பார்வி" என்று தன்னையே திட்டிக்கொண்டார். சித்தி கையிலிருந்த எலுமிச்சைச் சாத டப்பாவோடு அங்கேயே நின்றுவிட்டாள்.

"அந்தத் தப்பு என்னோடதுல்லா? நான் வாயை மூடிட்டு இருந்ததுனாலதான வந்துச்சு. பேரு மட்டும் எப்படி அவளுக்குப் போகும்?" என்று என்னிடம் கேட்டாள். வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

போட்டி முடிந்த அன்று சாயங்காலம் எல்லாரும் சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது சித்தி கார்டனிடம் போனாள். வாழ்க்கையில் முதல்முறையாக இருபது ஆண்கள் முன்னால் வாயைத் திறந்தாள். மே மாதமே கொசுவத்தைப் பார்த்தேன், தப்பென்று தெரியும், வேண்டுமென்றே சொல்லவில்லை என்று இங்கிலீஷில் தெளிவாகச் சொன்னாள்.

கார்டன் தொப்பியைக் கழற்றினார். தோழியைக் காப்பாற்ற இப்படியும் ஒருத்தி தன்மேல் பழி போட்டுக்கொள்வாளா என்று மற்றவர்களைப் பார்த்து உரக்கச் சொன்னார். சிலர் கைதட்டினார்கள். பர்வதம் ஓடிவந்து சித்தியைக் கட்டிக்கொண்டாள்.

"எனக்காகப் போய் இப்படிப் பொய் சொல்லணுமா ஆன்டி?"

"பொய் இல்ல."

"போங்க ஆன்டி!"

"பொய் இல்லடி, நிஜமாத்தான் சொல்லுதேன்" என்றாள் சித்தி. அதற்கும் சிரித்தார்கள்.